ஐந்தாவது மூலை

உலகத்தில் நாற்கோணங்கள் எத்தனை வகை என்று என்னைக் கேட்டால் சதுரம், செவ்வகம், இணைகரம், சாய்சதுரம், சரிவகம் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். தமிழ்ப்பள்ளியில் இத்தனை வருஷமாகக் கணிதம் நடத்துகிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் நாத்தனாரைக் கேட்டால் இரண்டே வகைதான். குடியிருக்கலாம், குடியிருக்கக் கூடாது. அதில் முதல் வகையைச் சேர்ந்தது என்று எந்த மனையையும் இரண்டு வருஷமாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மலேசியாவில் நர்ஸை மிஸி என்போம். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி முழுக்க அவருக்கு மிஸி என்றே பெயர். எதிர்வீட்டுச் சீன ஆன்டி முதல் வாசலில் காவல் நிற்கும் நேப்பாளக்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் அண்ணி என்பேன். என் கணவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டார். அன்றிலிருந்து அவரை வளர்த்தது அண்ணிதான். தம்பிக்காகத்தான் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டார் என்று ஊர் சொல்லும். அண்ணியைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வந்தவன் எவனும் சரியில்ல" என்பார்.

நாங்கள் நான்காவது மாடி. அவர் நேர் கீழே, மூன்றாவது மாடி. காலையில் காப்பி கலந்ததும் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையில் இரண்டு தட்டு தட்டுவார். எங்கள் வீட்டுத் தரை அதிரும். என் கணவர் பனியனோடு இறங்கிப் போய் அக்கா கையால் காப்பி குடித்துவிட்டு வருவார். நான் போடும் காப்பிக்கு என்ன குறைச்சல் என்று கேட்டுச் சண்டை போட்டு, கடைசியில் எனக்கே வாய் வலித்து விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு வீடு வேண்டும். மண்ணைத் தொடும் வீடு. அவ்வளவுதான் என் ஆசை. என் கறிவேப்பிலைச் செடி பால்கனியில் ஒரு பெயின்ட் டின்னில் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தலை தூக்கினால் மேல்வீட்டு ஏசித் தண்ணீர் அதன் தலையில் சொட்டும். லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஒருத்தரைக் கேட்க வேண்டும். கேட்பது எனக்குப் பிடிக்காது. வீடு வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு என் கணவர் உடனே சரி என்றார். வங்கியும் சரி என்றது. ஆனால் இவர் ஒரு வார்த்தை சேர்த்தார்.

"அக்கா வந்து பாத்து சரின்னு சொல்லட்டும். சொன்னா அன்னைக்கே சைன் பண்ணிடறேன்."

சாமியே வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! ஓய்வு பெற்றதிலிருந்து அண்ணி கைப்பேசியில் வாஸ்து வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். யாரோ திசைகாட்டி ஒன்றை வேறு அதில் இறக்கிக் கொடுத்திருந்தார்கள். எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, தீபத் தட்டு ஏந்துவதுபோல இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மனையைச் சுற்றி வருவார். காருக்குப் பக்கத்தில் வந்தால் முள் தறிகெட்டுச் சுற்றும். "காரைத் தள்ளி நிறுத்துடா" என்பார். என் கணவர் தள்ளி நிறுத்துவார்.

முதலில் ரவாங். தொழிற்சாலைகளைத் தாண்டி ஒரு வரிசையின் கடைசி வீடு. சாலை குறுக்கே வந்து நிலத்தை வெட்டியதில் மனை முக்கோணமாகிவிட்டது. எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் ஒரு கூர் முனை, அதில் கறிவேப்பிலை என்று மனத்துக்குள் நட்டே விட்டேன்.

"மூணு மூலை மனையா? கோர்ட்டு, கேசு, வயித்துவலி" என்றார் அண்ணி.

"அண்ணி, இருக்கறதுலயே உறுதியான வடிவம் முக்கோணம்தான். நாலு கட்டையை ஆணி அடிச்சு சட்டம் பண்ணி இழுத்துப் பாருங்க, சாஞ்சு போகும். மூணு கட்டைச் சட்டம் அசையவே அசையாது. அதனாலதான் பாலத்துக்கும் கூரைக்கும் முக்கோணம் வச்சுக் கட்டறாங்க."

"அப்போ நீ போயி பாலத்துல குடியிரு லா."

என் கணவர் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கினார்.

அடுத்தது பந்திங். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, நல்ல காற்று. மனை இணைகரம். எதிரெதிர்ப் பக்கங்கள் இணை, ஆனால் மூலைகள் நேராக நிற்காமல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அடிப்பக்கமும் உயரமும் ஒன்றாக இருந்தால் இணைகரத்துக்கும் செவ்வகத்துக்கும் பரப்பளவு ஒன்றுதான் என்று அண்ணிக்கு எடுத்துச் சொன்னேன். இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி அந்தப் பக்கம் ஒட்டினால் கணக்குச் சரியாக வரும் என்று கையால் காற்றில் வரைந்தும் காட்டினேன்.

"ஒட்டிட்டுக் கூப்பிடு. வந்து பாக்கறேன்" என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவதாக, செவ்வகமே கிடைத்தது. கிள்ளானில் ஒரு தொடர்வீடு. நான்கு மூலையும் தொண்ணூறு பாகை, குறை சொல்ல வழியில்லை என்று நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது.

"இது வீடா, ரயில் பெட்டியா? அகலத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல நீளம் போகக் கூடாது. இது மூணு மடங்கு இருக்கு."

"அப்படிப் பாத்தா மலேசியாவுல பாதிப் பேரு ரயில் பெட்டியிலதான் இருக்காங்க அண்ணி!"

"அதான் பாதிப் பேருக்குப் பிரச்சனை."

எல்லா வீட்டிலும் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். திசை பார்ப்பதற்கு முன் அண்ணி உள்ளே போய் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கடைசி அறையின் வாசலில் நின்று, "இது யாருக்கு?" என்பார். "விருந்தாளி ரூம் அண்ணி. நீங்க வந்தா தாராளமா தங்கலாம்" என்பேன். மரியாதையாகத்தான் சொன்னேன். "ம்" என்பார். அதற்கப்புறம்தான் கைப்பேசி வெளியே வரும். நான் ஒவ்வொரு முறையும் அந்த 'ம்'மைக் கேட்டேன், ஒரு முறைகூட நின்று யோசிக்கவில்லை.

அவர் மனதுக்கு ஏற்ற மனை ஒன்றே ஒன்றுதான், அதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். முன்னால் சாலைப் பக்கம் குறுகலாக, பின்னால் அகலமாக இருக்கும் மனை. அதற்குப் பசு முகம் என்று பெயர். குடும்பம் தழைக்கும். அதையே முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் வைத்தால் சிங்க முகம். "கடை வைக்கறதுன்னா சிங்கம் நல்லது. வீட்டுக்கு ஆகவே ஆகாது" என்பார். எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும். கணக்கில் இரண்டும் ஒன்றுதானே! ஒரு சோடிப் பக்கம் மட்டும் இணையாக இருந்தால் அது சரிவகம். அதற்கு முகமும் கிடையாது, வாலும் கிடையாது.

வகுப்பில் வருஷா வருஷம் நான் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று இந்தச் சரிவகம். புத்தகத்தில் எப்போதும் மேல்பக்கம் சிறிதாக, கீழ்ப்பக்கம் பெரிதாக வரைந்திருப்பார்கள். நான் வேண்டுமென்றே தலைகீழாக வரைவேன். "இது சரிவகம் இல்ல டீச்சர், கவுந்து கிடக்கு" என்று கத்துவார்கள். "திருப்பினாலும் கவிழ்த்தாலும் சரிவகம் சரிவகம்தான்டா" என்று நானும் கத்துவேன். இன்னொன்று, சதுரத் தாள் ஒன்றைக் காட்டி, நான்கு மூலையில் ஒன்றை வெட்டி எறிந்தால் மிச்சம் எத்தனை மூலை என்று கேட்பேன். மொத்த வகுப்பும் "மூணு!" என்னும். ஆளுக்கொரு தாளும் கத்தரிக்கோலும் கொடுத்து வெட்டச் சொல்வேன். வெட்டிவிட்டு எண்ணுவார்கள். அப்புறம் மறுபடி எண்ணுவார்கள். ஐந்து வரும். ஒரு மூலை போன இடத்தில் இரண்டு மூலை வந்துவிடுகிறதே! "நீங்க ஏமாத்துறீங்க டீச்சர்" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் அந்தப் பாடம் முடிந்ததே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் வீடு காட்டும் ஏஜென்ட், ஒரு சீன ஆன்டி, கிள்ளானில் ஒரு மூலை வீட்டின் மனைப் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எங்கிருந்தோ பிடித்த புகைப்படம், ஓரமெல்லாம் நறுக்குப்பட்டு, சாலை எந்தப் பக்கம் என்று எழுதியிருந்த இடமே காணோம். சரிவகம். கீழே குறுகல், மேலே அகலம். சாலை கீழேதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குள் கீழே இருந்துதானே நுழைவோம்! முன்னால் குறுகல், பின்னால் அகலம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துடைப்பக் கட்டைக்குக் காத்திருக்காமல் நானே மூன்றாவது மாடிக்கு ஓடினேன்.

"அண்ணி! பசு!"

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாப் பாத்தியா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், கணக்கு டீச்சர்" என்றார். அந்த வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேல்பக்கத்து இடது மூலை மட்டும் லேசாக நறுக்கப்பட்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு சாலை சந்திக்கும் இடத்தில்தான் மூலையை அப்படி நறுக்குவார்கள், வண்டி திரும்புகிறவனுக்குக் கண் தெரிவதற்காக. அப்படியானால் பின்பக்கத்து மூலையை எதற்காக நறுக்கினார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் கேசரி செய்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன். அண்ணி புதுச் சேலை கட்டியிருந்தார், ஆனால் வழியெல்லாம் பேசவில்லை. சன்னல் பக்கம் திரும்பி நெடுஞ்சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். என் கணவர் மட்டும் சமையலறையை எப்படி இழுத்துக் கட்டலாம் என்று பேசிக்கொண்டே ஓட்டினார்.

கார் அந்த வீட்டு முன்னால் நின்றதும் நான் முதலில் பார்த்தது வாசலைத்தான். வாசல் பக்கம் அகலம். நன்றாக, தாராளமாக, இரண்டு காரும் ஒரு லோரியும் நிறுத்தும் அளவுக்கு அகலம். அண்ணி இறங்கினார். வேலி ஓரமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தார். பக்கத்துச் சாலை வழியாகப் பின்னால் போனார். பின்னால் குறுகிக் கிடந்தது. திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"டீச்சர். பசுன்னு சொன்னே?"

படத்தில் சாலை மேலே இருந்திருக்கிறது. தலைகீழாக வந்த படத்தை நான் திருப்பாமலே படித்திருக்கிறேன். திருப்பினாலும் சரிவகம் சரிவகம்தான் என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருப்பேன்! அது கரும்பலகையோடு சரி. சாலையோரத்தில் திருப்பினால் பசு சிங்கமாகிவிடுகிறது.

ஏஜென்ட் ஆன்டியாவது எனக்குக் கைகொடுப்பார் என்று அவரைப் பார்த்தேன். விஷயம் என்னவென்று கேட்டுக்கொண்ட அந்த அம்மாள், வாய் சும்மா இருக்காமல், எங்கள் சீனர்களும் பின்னால் அகலமாக இருப்பதைத்தான் பாகுஸ், அதாவது நல்லது என்பார்கள், இல்லையென்றால் காசு பையில் தங்காது என்று மலாயில் சொல்லி அண்ணியோடு சேர்ந்து தலையை ஆட்டினார். விற்க வந்தவரா, கெடுக்க வந்தவரா? அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, தெருமுனையில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மூவரும் போய் உட்கார்ந்தோம். கேசரி டப்பா காரிலேயே கிடந்தது.

என் கணவருக்கு ரொட்டி சானாய் வந்தது. அந்தக் கடையில் ரொட்டியை நான்காக மடித்துச் சதுரமாகப் போடுவார்கள். அவர் அதைப் பிய்க்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மனிதருக்கு அந்த வீடு பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கும்தான் பிடித்திருந்தது. இனி வேறு வீடு தேட எனக்குத் தெம்பில்லை. இது போனால் பெயின்ட் டின்தான் என் கதி.

"சிங்க முகம்" என்றார் அண்ணி, தேத்தாரே டீயை ஆற்றிக்கொண்டே. "போதாக்குறைக்கு வாயு மூலையை வேற வெட்டி எறிஞ்சிருக்கான். நாலுல ஒண்ணு போச்சு. மூணு மூலை வீட்டுல மனுஷன் இருப்பானா?"

மூணு! வருஷா வருஷம் முப்பது பேர் ஒரே குரலில் சொல்லும் அதே பதில். இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. என் கணவரின் தட்டை வெடுக்கென்று இழுத்தேன்.

"ஏய், என் ரொட்டி!"

"சும்மா இருங்க." கரண்டியால் ரொட்டியின் ஒரு மூலையை நேராக வெட்டித் தனியே எடுத்துப் போட்டேன். தட்டை அண்ணி பக்கம் தள்ளினேன். "எண்ணுங்க."

"என்னது?"

"மிச்சம் எத்தனை மூலைன்னு எண்ணுங்க அண்ணி!"

அண்ணி ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் நர்ஸ் வேலை பார்த்தவர், எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவார். விரலை வைத்து வைத்து எண்ணினார். நின்றார். எதிர்ப்பக்கமாக மறுபடி எண்ணினார்.

"அஞ்சு" என்றார், நம்பாமல்.

"வெட்டினா குறையாது. கூடும். அந்த வீட்டுக்கு அஞ்சு பக்கம், அஞ்சு மூலை. அது ஐங்கோணம். பசுவும் இல்ல, சிங்கமும் இல்ல!"

ஐங்கோணத்துக்கு முகமே கிடையாது என்று வாஸ்துவில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு மூலையாக விரலால் தொட்டுக்கொண்டு வந்தார்.

"ஈசானியம் சாமிக்கு. அக்னி அடுப்புக்கு. நிருதி உங்க ரெண்டு பேருக்கு. வாயு, வந்துட்டுப் போற விருந்தாளிக்கு." விரல் ஐந்தாவது மூலையில் நின்றது. "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்! வேற யாருக்கு? உங்களை அங்க தனியா விட்டுட்டு வந்து நான் என்ன பண்றது?"

கத்தியே விட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்த அண்ணன், "என்ன அக்கா, இன்னொரு ரொட்டியா?" என்று குரல் கொடுத்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொன்னதில்லை. கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் வெளியே வந்த பிறகு, அது எவ்வளவு நாளாக உள்ளே இருந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அண்ணி தலை நிமிரவில்லை. தட்டைப் பார்த்தபடியே, அவரிடம் நான் கேட்டேயிராத சின்னக் குரலில், "விருந்தாளியா இல்லாமலா?" என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. ரவாங் முக்கோணமும் பந்திங் இணைகரமும் ரயில் பெட்டியும் ஒன்றன் பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. அந்த மனைகளில் என்ன கோளாறு இருந்தது? ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கடைசி அறை வாசலில் நின்று யாருக்கு என்று கேட்டாரே, அதற்கு நான் சொன்ன பதிலில்தான் கோளாறு. எங்களைக் கிள்ளானுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது மாடியில் அவர் காலையில் யாருக்காகக் கூரையைத் தட்டுவார்?

"விருந்தாளிக்குத்தான் நாலாவது மூலை இருக்கே அண்ணி. அஞ்சாவது உங்களோடது. வரும்போது துடைப்பத்தையும் எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

என் கணவர் தேத்தாரே கோப்பையை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. "சூடு" என்றார், கேட்காமலே. அது ஆறி எவ்வளவோ நேரமாகியிருந்தது.

அண்ணி மூக்கை உறிஞ்சினார். ரொட்டியின் அந்த ஐந்தாவது மூலையைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "ஆறிப்போச்சு" என்றார். "எழுந்திருங்க. அந்த ரூமைப் பாத்துட்டு வந்துடுவோம்."

"அப்போ சிங்கம்?" என்று கேட்டார் என் கணவர். இந்த மனிதருக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று தெரியாது.

"இருந்துட்டுப் போகட்டும்டா. வீட்டுக்குள்ள ஏற்கனவே ஒண்ணை வச்சு மேய்க்கலயா?" என்று என்னைப் பார்த்தார்.

அறை அப்படியொன்றும் பிரமாதமில்லை. முன்பு இருந்தவர்கள் நறுக்கிய மூலையை ஒட்டியே அறையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதனால் ஒரு சுவர் கோணலாக ஓடியது. பழைய மோட்டார் சைக்கிளின் எண்ணெய்க் கறை தரையில் அப்படியே இருந்தது. சுவர் மூலையில் அலமாரியை வைத்தால் பின்னால் முக்கோணமாக ஒரு சந்து விழும் என்று நான் கவலைப்பட்டேன். அண்ணி கைப்பேசியை எடுக்கவே இல்லை. சன்னலைத் திறந்து பார்த்தார், இரண்டு சாலையும் தெரிந்தன. குளியலறை எத்தனை தூரம் என்று நடந்து பார்த்தார்.

"போதும்" என்றார். "சந்துல துடைப்பத்தை வச்சுக்கறேன்."

அன்றைக்கே என் கணவர் கையெழுத்துப் போட்டார். ஏஜென்ட் ஆன்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பக்கம் அகலமாக இருப்பது வேண்டாம் என்றீர்களே என்று மலாயில் திரும்பத் திரும்பக் கேட்டார். கேசரி டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பால் காய்ச்சியது நாங்கள் மூவர் மட்டும். கறிவேப்பிலையைப் பெயின்ட் டின்னிலிருந்து விடுவித்து, நறுக்கிய மூலைக்கு வெளியே, அண்ணியின் சன்னலுக்கு நேர் கீழே நட்டேன். மறுநாள் காலையில் கோணல் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. முன்பெல்லாம் இரண்டு தட்டுத்தான். அன்று மூன்று. ஏன் என்று போய்க் கேட்டதற்கு, "மூணாவது உனக்கு. நீ போடறது காப்பியா அது?" என்றார். வம்புக்கு நின்றேன், ஆனால் உட்கார்ந்து குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டோம். என் கணவர் பக்கத்தில் ஒரு பெரியப்பா உண்டு, ஊரில் யார் வீடு வாங்கினாலும் குறை கண்டுபிடிப்பதற்கென்றே வருவார். வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தார். சிங்க முகம் என்று முணுமுணுத்தார். பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு அறையாக நுழைந்தார். சாமி அறைக்குச் சரி என்றார், சமையலறைக்குச் சரி என்றார். கோணல் சுவர் அறை வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளே கட்டில் மேல் அண்ணி சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பாயசத் தட்டோடு பின்னாலேயே போனேன். இந்த மனிதர் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லி அண்ணி மனதைக் கலைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளுக்குள் உதைத்தது.

"வெட்டுப்பட்ட இடமாச்சே" என்றார் அவர். "ஈசானியமும் இல்ல, அக்னியும் இல்ல, வாயுவுக்கும் தள்ளிப் போகுது. இது எந்தச் சாமியோட மூலைம்மா?"

அண்ணி மடித்த சேலையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"இது மிஸி மூலை" என்றார். "பாயசம் எடுத்துக்குங்க."